வைத்தியரின் ஏட்டில் குழந்தை

குழந்தையைப் பற்றி எழுதப்பட்டவை எவையும் குழந்தை எழுதியவை அல்ல. இது வெளிப்படையான உண்மை. ஆயினும் நாம் எளிதில் மறந்துவிடும் உண்மை. நமது பிள்ளைத்தமிழ் குழந்தைப் பருவத்தைக் காப்பு முதலாகப் பத்தாக வகுத்துப் பாடிற்று. செங்கீரை ஆடுவதும், சப்பாணி கொட்டுவதும், அம்புலியை அழைப்பதும் அங்கே அழகுறச் சொல்லப்பட்டுள்ளன. ஆனால் பாடப்பட்ட பிள்ளை தெய்வம், அல்லது மன்னன், அல்லது பெரியார் ஒருவர். பாடியவரோ தாயின் குரலை இரவல் வாங்கிய புலவர். உழவன் மகன் செங்கீரை ஆடவில்லையா? ஆடினான். அதைப் பாடப் புலவருமில்லை. பாடினாற் பரிசில் கொடுப்பாருமில்லை. யார் எழுதுகிறார், யாரை எழுதுகிறார், யாருக்காக எழுதுகிறார் என்னும் வினாக்களைப் பழைய இலக்கியத்திடம் கேட்கப் பழகிவிட்ட நாம், இருபதாம் நூற்றாண்டு தோற்றுவித்த மற்றொரு வகை எழுத்திடம் அவற்றைக் கேட்க இன்னும் தயங்குகிறோம். உளமருத்துவர் குழந்தையைப் பற்றி எழுதிய நோயாளிக் குறிப்பே அவ்வெழுத்து.

அதனை எழுத்து வகை என்று நாம் கூறுவது ஏளனஞ் செய்வதற்கன்று. அதிற் பாத்திரங்கள் உண்டு, சம்பவங்கள் உண்டு, சிக்கலும் அவிழ்ப்பும் உண்டு. ஒரு மனிதன் ஏன் இப்படியானான் என்று கேட்டால், 'சிறுவயதில் என்ன நடந்ததோ' என்று படித்தவர்கள் இன்று இயல்பாகவே சொல்கிறார்கள். அவ்வழக்கத்தை நாவல்களிலும் பார்க்க இக்குறிப்புகளே பரப்பின எனலாம். இத்துணைச் செல்வாக்குள்ள எழுத்தைத் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதாக விட்டுவைத்தல் முறையன்று. குழந்தையின் துயரை இவ்வைத்தியர்கள் உண்மையாகவே கண்டார்கள். அதுவரை யாரும் காணாததைக் கண்டார்கள். ஆனால் அத்துயரின் காரணத்தைத் தேடும்போது அவர்களிற் பலரின் பார்வை வீட்டுப் படலையைத் தாண்ட மறுத்தது. இதுவே நமது வாதம். புகழ்பெற்ற சில குறிப்புகளைக் கொண்டே இதனை நிறுவலாம்.

1909 இல் சிக்மண்ட் புரொய்ட் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனது அச்சத்தைப் பற்றி நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ஆய்வை வெளியிட்டார். வியன்னாவில் வாழ்ந்த அச்சிறுவனுக்கு அவர் இட்ட புனைபெயர் ஹான்ஸ். குதிரை தன்னைக் கடித்துவிடும் என்று அஞ்சி அவன் வீதியிற் செல்ல மறுத்தான். பாரமேற்றிய வண்டிக் குதிரைகள் விழுந்துவிடும் என்றும் அஞ்சினான். வண்டிக் குதிரை ஒன்று விழுந்து கால்களை உதைத்ததை அவன் நேரிற் கண்டிருந்தான். குதிரை என்பது தந்தையே. தாய்மீது கொண்ட ஆசையும் தந்தைமீது கொண்ட பயமுமே குதிரையச்சமாக வடிவெடுத்தன என்பது புரொய்டின் முடிவு.

இக்குறிப்பை எழுதியவர் யார்? புரொய்ட் இச்சிகிச்சையின்போது சிறுவனை ஒரேயொரு முறைதான் சந்தித்தார். நாள்தோறும் அவனைக் கேள்வி கேட்டு விடைகளைக் குறித்து அனுப்பியவர் தந்தையான மாக்ஸ் கிராஃப். அவர் ஓர் இசை விமரிசகர். புரொய்டின் வீட்டிற் கூடிய புதன்கிழமைக் கழகத்தில் உறுப்பினர். தாயோ முன்னர் புரொய்டிடம் சிகிச்சை பெற்றவர். ஆகவே கோட்பாடு முதலில் வீட்டிற்குள் வந்தது. குழந்தையின் நோய் பின்னரே வந்தது. தந்தையின் கேள்வியிலேயே விடை பொதிந்திருந்த இடங்கள் பல. சிறுவன் தானாகச் சொல்ல முடியாத பலவற்றை அவனுக்குச் சொல்லிக் கொடுக்க நேர்ந்ததைப் புரொய்டே ஒப்புக்கொள்கிறார். அந்நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் சொல்லிக் கொடுக்கப்பட்ட சொற்களைக் கொண்டு குழந்தையின் உள்ளத்தை அளப்பது எங்ஙனம்?

அவ்வீட்டின் எதிரே ஒரு பண்டகசாலை இருந்தது. பாரவண்டிகள் நாள் முழுவதும் அதன் முற்றத்திற்கு வந்து போயின. இச்செய்தி குறிப்பிலேயே உள்ளது. அளவுக்கு மீறிய பாரத்தை இழுத்து வீதியில் விழும் விலங்கைக் கண்டு ஒரு குழந்தை நடுங்கியது என்பதும் ஒரு விளக்கமே. மோட்டார் வண்டி பெருகாத ஒரு தலைநகரத்தின் உழைப்பு முழுவதும் அச்சிறுவனின் சன்னலுக்கு எதிரே நடந்தது. குறிப்பு அதைக் கண்டது. உடனே குடும்பத்தின் குறியீடாக மாற்றிக்கொண்டு மேலே சென்றது. 1973 இல் ஆங்கில உளமருத்துவர் ஜோன் போல்பி இதே குறிப்பை மீண்டும் படித்து, வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று தாய் மிரட்டியதிற் பிறந்த பிரிவச்சமே சிறுவனின் நோய் என்றார். ஒரே ஏடு, இரு வைத்தியர், இரு நோய். அன்றைய ஹான்ஸ், அதாவது பிற்காலத்தில் இசைநாடக நெறியாளராகப் புகழ்பெற்ற ஹேபேட் கிராஃப், 1922 இல் தமது பத்தொன்பதாம் வயதிற் புரொய்டைச் சந்தித்தார். தமது கதையைப் படித்தபோது அதிற் தம்மை அடையாளங் காண முடியவில்லை என்று கூறினார். பாத்திரத்திற்குத் தன் காவியம் அந்நியமாயிற்று.

ஹான்ஸ் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை. ஆகையாற்றான் அவனுக்கு நூறு பக்கம் கிடைத்தது. ஏழைப் பிள்ளைக்கு எத்தனை பக்கம்? போல்பி 1944 இல் வெளியிட்ட 'நாற்பத்து நான்கு இளந்திருடர்' என்னும் ஆய்வு அதற்கு விடை கூறும். இலண்டன் குழந்தை வழிகாட்டு நிலையத்திற்கு 1936 முதல் 1939 வரை வந்த, களவு செய்த 44 சிறார் பற்றியது அது. ஒவ்வொருவருக்கும் ஒரு முதற்பெயர், ஓர் எழுத்து, வாழ்க்கைச் சுருக்கம் சில பந்திகள். களவு செய்யாத, ஆனால் அதே நிலையத்திற்கு வந்த வேறு 44 சிறாருடன் அவர்களை அவர் ஒப்பிட்டார். திருடிய சிறாருள் 14 பேரை 'அன்புணர்வற்றோர்' என்று வகுத்தார். அவர்களுள் 12 பேர் குழந்தைப் பருவத்தில் தாயை நெடுநாட் பிரிந்தவர்கள். எஞ்சிய 30 பேரில் அவ்வாறு பிரிந்தவர் ஐவரே. ஒப்பீட்டுக் குழுவில் இருவரே.

இவ்வெண்கள் உள்ளத்தைத் தொடுவன. இவற்றைப் புறக்கணிக்க நாம் முயலவில்லை. எனினும் எவர் அன்புணர்வற்றவர் என்று தீர்ப்புக் கூறியவரும், எவர் பிரிவுக்கு உட்பட்டவர் என்று கணக்கெடுத்தவரும் ஒருவரே என்பதை ஆய்வு முறை அறிந்த எவரும் சுட்டிக்காட்டுவர். வறுமை, வீட்டு நெருக்கடி என்பன அவ்வாய்வில் விரிவாக ஆராயப்படவில்லை. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. அப் 14 பேரில் ஒருவன் டெறிக் பி. ஒன்றரை வயதிற் தொண்டைக் கரப்பான் கண்டு வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட அவன் ஒன்பது மாதம் அங்கே கிடந்தான். அக்காலம் முழுவதும் தாயும் தந்தையும் அவனை வந்து பார்க்கவில்லை. வீடு திரும்பியபோது தாயை அவன் 'தாதி' என்று அழைத்தான்.

தாயைத் தாதி என்றழைத்த அக்குரலே இவ்வேடு முழுவதிலும் நாம் கேட்கும் உண்மையான குழந்தைக் குரல். அது யாரைக் குற்றஞ் சாட்டுகிறது? தாயையா? தொற்று நோயாளரைப் பெற்றோர் பார்ப்பதைத் தடுப்பது அக்கால வைத்தியசாலைகளின் பொது வழக்கம். அது வைத்தியர் வகுத்த விதி, நிருவாகத்தின் விதி. தாய் வாயிலில் நிறுத்தப்பட்டவள். ஆயினும் இத்தகைய சம்பவங்களிலிருந்து வளர்ந்த கோட்பாட்டுக்கு இடப்பட்ட பெயர் 'தாய்ப் பராமரிப்பின் இழப்பு'. 'வைத்தியசாலை விதியின் கொடுமை' என்று பெயரிட்டிருந்தால் அறிவியல் சிறிதும் குறைந்திராது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மட்டும் மாறியிருப்பார்.

பெயர் அற்பமானதன்று. 1951 இல் உலக சுகாதார நிறுவனத்திற்காகப் போல்பி எழுதிய அறிக்கை உலகெங்கும் பரவிற்று. 1953 இல் எளிய பதிப்பாகவும் வந்தது. போர்க்காலத்திற் பிரித்தானிய அரசு பெண்களைத் தொழிற்சாலைக்கு அழைத்தது. அவர்களின் குழந்தைகளுக்கென ஆயிரத்துக்கு மேற்பட்ட பராமரிப்பு நிலையங்களைத் திறந்தது. போர் முடிந்ததும் 1945 முதல் அரசு உதவி குறைக்கப்பட்டு அவை மூடப்படலாயின. அறிக்கை அதற்குப் பின் வந்தது. ஆகவே மூடியது போல்பி என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் பணத்தை மிச்சம் பிடிப்பதற்காகச் செய்த செயலுக்கு, குழந்தையின் உள நலம் என்னும் அழகிய நியாயம் பின்னர் கிடைத்துவிட்டது. வேலைக்குச் செல்லும் தாயின் நெஞ்சிற் குற்றவுணர்வு குடியேறிற்று. கூலி போதாமையால் அவள் வேலைக்குச் சென்றாள் என்பது குறிப்பில் இடம்பெறவில்லை.

போல்பிக்கு நாம் அநீதி இழைத்தலாகாது. அதே அறிக்கையில் அவர், குழந்தையை விடுதியில் வைத்துப் பேணத் தாராளமாகச் செலவிடும் அரசுகள் அதிற் பாதியைக் கைம்பெண்ணான தாய்க்குக் கொடுக்க அஞ்சுவதைக் கண்டித்துள்ளார். பெற்றோரைச் சமுதாயம் தாங்காவிடிற் பெற்றோர் பிள்ளைகளைத் தாங்க முடியாது என்பதையும் வலியுறுத்தியுள்ளார். ஆனால் அப்பகுதிகளை மேற்கோள் காட்டியவர் சிலரே. ஒரு நூலின் எப்பக்கம் படிக்கப்படுகிறது என்பதையும் சமுதாயமே தீர்மானிக்கிறது. 1959 இற் பாபரா வூற்றன் இக்கோட்பாட்டின் ஆதாரங்களைக் கடுமையாகச் சோதித்தார். 1972 இல் மைக்கல் றட்டர், தாயின் பிரிவு என்று ஒரே மூட்டையிற் கட்டப்பட்டவற்றை அவிழ்த்துப் பார்த்தார். பிரிவு வேறு, குடும்பச் சச்சரவு வேறு, விடுதிகளின் வறண்ட வாழ்வு வேறு என்றும், பிள்ளைகளின் தீநடத்தையோடு கூடிய தொடர்புடையது பிரிவன்று, சச்சரவே என்றும் அவர் காட்டினார். அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டது. ஆனால் தாய்மாரின் நெஞ்சிற் புகுந்தது அவ்வளவு விரைவில் வெளியேறவில்லை.

தாயைக் குற்றஞ் சாட்டும் இப்போக்கு அதன் உச்சத்தை அடைந்தது அமெரிக்காவில். பால்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் கடமையாற்றிய லியோ கானர் 1943 இற் பதினொரு குழந்தைகளை விவரித்து, ஓட்டிசம் என்று இன்று நாம் அறியும் நிலைக்கு இலக்கணம் வகுத்தார். முதலாவது குழந்தை டொனால்ட். அவனைக் கொண்டுவருமுன் தந்தையான வழக்கறிஞர் 33 பக்கத் தட்டெழுத்துக் கடிதமொன்றை அனுப்பியிருந்தார். அக்கடிதமின்றிக் கானரின் கட்டுரை இல்லை எனலாம். ஆனால் கடிதத்தின் நுணுக்கமான விவரங்களையே தந்தையின் மனப்போக்கிற்குச் சான்றாகக் கானர் கொண்டார். மகனுக்காகக் கவலையுற்ற ஒருவரின் உழைப்பு நோய்க்குறியாகப் படிக்கப்பட்டது. குறைபாடு பிறவியிலேயே உள்ளது என்று முடித்த அதே கட்டுரையில், இப்பெற்றோருள் உள்ளக் கனிவுடையோர் மிகச் சிலரே என்றும் அவர் எழுதினார். பெற்றோருட் பெரும்பாலோர் உயர்கல்வி பெற்றவர்களாய் இருந்ததும் அவரது கவனத்தை ஈர்த்தது.

இவ்விடத்தில் ஓர் எளிய கேள்வி எழுகிறது. 33 பக்கம் தட்டெழுதி அனுப்பவும், தொலைதூர நகரத்து நிபுணரிடம் பிள்ளையை அழைத்துச் செல்லவும் யாரால் இயலும்? பருத்தித் தோட்டத்துக் கூலியாளின் பிள்ளைக்கு இக்குறைபாடு இருந்தால் அவன் எந்த ஏட்டில் இடம்பெறுவான்? மந்தபுத்தியுள்ளவன் என்று ஒதுக்கப்பட்டிருப்பான், அவ்வளவே. படித்தவர் பிள்ளைகளிடமே இந்நோய் தோன்றுகிறது என்று தோன்றியது, படித்தவர்களே நிபுணரின் வாயிலை அடைந்தமையால் என்பதை 1980 இல் லோர்னா விங் ஆய்வு மூலம் தெளிவாக்கினார். இடைப்பட்ட காலத்தில் நேர்ந்ததோ பெருந்துயர். 1967 இற் புரூனோ பெற்றல்ஹைம் எழுதிய நூல், இக்குழந்தைகளின் நிலையை நாசிச் சிறைமுகாமின் கைதிகளது நிலைக்கு ஒப்பிட்டது. அவ்வுவமையில் முகாம் காவலரின் இடம் யாருக்கு? தாய்க்கு. தாமே டாக்காவ், பூக்கன்வால்ட் முகாம்களில் அடைபட்டிருந்த ஒருவர் அதனை எழுதியமையால் உவமைக்கு இன்னும் வலுவுண்டாயிற்று. ஓட்டிசமுள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பேணாட் றிம்லண்ட் 1964 இலேயே இது உடலியற் காரணங்கொண்டது என்று வாதிட்டிருந்தார். 1969 இற் கானரே பெற்றோர் கூட்டமொன்றில் அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவித்துப் பேசினார். ஒரு வைத்தியர் விடுதலை வழங்க, அதுவரை குற்றமே செய்யாத தாய்மார் கண்ணீருடன் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்படியாயின் இவ்வெழுத்து முழுவதும் தள்ளத்தக்கதா? அன்று. இதே அறிவியல் வேறொரு திசையில் முகந்திருப்பியபோது நடந்ததைப் பார்ப்போம். ஜேம்ஸ் றொபேட்சன் ஸ்கொட்லாந்தின் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். போர்க்காலத்தில் அவரும் மனைவி ஜொய்சும் அன்னா புரொய்ட் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் வேலை செய்தனர். பின்னர் போல்பியின் ஆய்வுக் குழுவிற் சேர்ந்த றொபேட்சன் வைத்தியசாலைகளிற் சிறு குழந்தைகளை அவதானித்தார். அவர் கண்டதை வைத்தியர்கள் நம்பவில்லை. ஆகவே எளிய கமெரா ஒன்றைக் கையிலெடுத்தார். சிறு சத்திரசிகிச்சைக்காக எட்டு நாள் வைத்தியசாலையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியொருத்தியை 1952 இற் படமாக்கினார். தமக்கு வேண்டிய காட்சிகளைப் பொறுக்கியெடுத்தார் என்று யாரும் கூறாதிருக்கக் குறித்த நேரங்களில் எடுத்தார். சுவர்க் கடிகாரமும் படத்தில் தெரியுமாறு செய்தார். பெரிதாக எதுவும் அப்படத்தில் நிகழவில்லை. அழாதிருக்க முயலும் ஒரு குழந்தையின் முகம் நாளுக்கு நாள் மாறுகிறது; அவ்வளவே.

முதலிற் காட்டப்பட்டபோது வைத்தியர் பலர் சினந்தனர். தம் தொழிலுக்கே இழுக்கு என்றனர். ஆனால் படம் அசையவில்லை. 1959 இற் பிரித்தானிய அரசு நியமித்த பிளாற் குழு, பெற்றோர் தடையின்றிக் குழந்தைகளைப் பார்க்க அனுமதிக்க வேண்டுமென விதந்துரைத்தது. விதப்புரை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாதென்று, 1961 இல் இலண்டன் பாட்டர்சீப் பகுதித் தாய்மார் அமைப்பாகத் திரண்டு வைத்தியசாலைகளை வற்புறுத்தலாயினர். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட தாய் இங்கே வழக்காளியாக எழுந்து நிற்கிறாள். டெறிக்கின் குறிப்பும் இப்படமும் சொல்லும் துயர் ஒன்றே. ஆனால் ஒன்று தாயின் இன்மையைக் கணக்கிட்டது. மற்றது தாயை வெளியே நிறுத்திய கதவைக் காட்டிற்று. கதவைக் காட்டியதாற் கதவு திறந்தது. நல்ல யதார்த்த இலக்கியம் செய்வதும் இதுவே.

முற்போக்காளர் சிலர் அவசரப்பட்டு, குழந்தை உளமருத்துவம் முழுவதும் முதலாளித்துவச் சரக்கு என்று கழித்துவிட முனைவதுண்டு. அவர்கள் சோவியத் நாட்டின் அனுபவத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1936 யூலையிற் கட்சியின் மத்திய குழு, குழந்தையியல் எனப்பட்ட துறையைத் தீர்மானமொன்றின் மூலம் ஒழித்தது. அத்துறையினர் நடத்திய சோதனைகள் தொழிலாளர், விவசாயிகளின் பிள்ளைகளை அளவுக்கு மிஞ்சி விசேட பாடசாலைகளுக்குத் தள்ளின என்பது தீர்மானத்தின் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டிற் பெரும் நியாயமிருந்தது. ஆனால் பிழையான சோதனையோடு ஆராய்ச்சியும் புதைக்கப்பட்டது. 1934 இல் மறைந்த விகொற்ஸ்கியின் எழுத்துகள் நெடுங்காலம் மறைக்கப்பட்டன. சமூக உறவுகளிலேயே குழந்தையின் சிந்தனை உருவாகிறது என்று கூறிய, மார்க்சியத்திற்கு மிக நெருங்கிய உளவியலாளர் அவர். நோயைச் சொன்ன வைத்தியரை விரட்டுவதால் நோய் தீர்வதில்லை. தாயின் மடியைச் சோதித்த வைத்தியரை வீதிக்கும் அழைத்து வந்து காட்டுவதே வேண்டப்படுவது.

இது நமக்குத் தொலைவான விவகாரமுமன்று. 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்ப் பட்டியலில் மனவடு நோயைச் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் நிலைமை அதற்கு உந்துதலாயிற்று. போர் முடிந்த பின் தொடரும் துயருக்கென வகுத்த அவ்வளவுகோல், போர் முடியாத நமது மண்ணுக்கும் வந்தது. குண்டு விழும் சத்தத்திற்கு நடுங்கும் பிள்ளையிடம் அது இரண்டாவது ஹான்சைக் காணும் அபாயம் இருந்தது. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட நூல் தனிமனிதரின் மனவடுக்களைப் பதிவு செய்தது. 2014 இல் வந்த அவரது நூலோ சமுதாயம் முழுவதன் வடுவைப் பற்றிப் பேசிற்று. ஊர் சிதைந்து, உறவு சிதைந்து, பள்ளிக்கூடம் சிதைந்த இடத்தில் ஒரு பிள்ளையை மட்டும் தனியே இருத்தித் துயரை அளப்பது போதாது என்னும் உணர்வு அப்பாதையில் உள்ளது. வீட்டுப் படலையைத் தாண்டும் வைத்தியர் நம்மிடையேயும் உளர் என்பதற்கு இது சான்று.

இன்று இவ்வெழுத்து வைத்தியரின் ஏட்டோடு நின்றுவிடவில்லை. உளவளத்துணைப் பயிற்சி பெறும் ஆசிரியரும், வகுப்பிற் பிள்ளைகளைப் பற்றிய குறிப்பேடு வைத்திருக்கும் ஆசிரியரும் இவ்வெழுத்து வகையின் வாரிசுகளே. 'கவனமின்மை', 'முரட்டுத்தனம்', 'வீட்டிற் கவனிப்பில்லை' என்னும் மூன்று சொற்களும் ஒரு பிள்ளையின் பின்னால் ஆண்டுக்காண்டு வகுப்பேறிச் செல்லக் கூடியவை. அவற்றை எழுதுமுன் நாம் செய்யத்தக்கது அதிகமில்லை. காலையில் அவன் உண்டானா என்று கேட்டல். தாய் எத்தனை மணிக்கு வேலைக்குச் செல்கிறாள் என்று அறிதல். அவன் காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று சோதிப்பித்தல். வைத்திய உதவி தேவையெனிற் தயங்காது அனுப்புதல். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுதல்.

டெறிக் சொன்ன ஒரு சொல், அவனைப் பற்றி வகுக்கப்பட்ட கோட்பாட்டிலும் உண்மையானது. அதை அழிக்காமல் எழுதி வைத்தமை போல்பியின் பெருமை. அதன் பொருளை முழுமையாகப் படிப்பது நமது கடமை. பிள்ளையின் வாக்கிலிருந்து வீட்டிற்கும், வீட்டிலிருந்து வீதிக்கும், வீதியிலிருந்து சமுதாயத்திற்கும் செல்லும் வழியைத் துணிந்து காட்டும் குறிப்பே அறிவியற் குறிப்பு. அவ்வழியை அடைத்துவிட்டுத் தாயின் வாசலிற் காவல் நிற்கும் குறிப்பு, எத்துணைப் புலமையோடு எழுதப்பட்டிருந்தாலும், வழக்கை விசாரியாது எழுதிய தீர்ப்பேயாகும்.